கொலஸ்டிரால் துகளில் கீமோ மருந்து: அம்மாவுக்கு இப்போது கிடைக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, சிவப்பு மருந்து நான்கு தடவை ஏற்றிவிட்டார்கள். இப்போது வாராவாரம் பாக்லிடாக்ஸெல். முதல் வாரம் மருந்து ஏற ஆரம்பித்த சில நிமிடங்களில் முகம் சிவந்து மூச்சு முட்டியது. நிறுத்தி, ஊசி போட்டு, அப்புறம் மெதுவாக ஏற்றி முடித்தார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. கொலஸ்டிராலுக்கு அடோர்வாஸ்டாடின் சாப்பிடுகிறார். என் மாமா வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். உடம்பிலுள்ள கொலஸ்டிரால் துகளுக்குள் கீமோ மருந்தை வைத்து அனுப்பினால் அது புற்றுச் செல்லை மட்டும் தேடிப் போகும், முடி கொட்டாது, வாந்தி வராது என்கிறார்கள். விசாரித்தபோது ஓரிடத்தில் நாலரை லட்சம் ஆகும், முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். இது உண்மையா? பணம் கட்டலாமா? கொலஸ்டிரால் மாத்திரையை நிறுத்திவிட்டு நெய், முட்டை மஞ்சள் கரு சேர்த்தால் மருந்து நன்றாகப் போய்ச் சேரும் என்றும் மாமா சொல்கிறார். செய்யலாமா?

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். நெய் சாப்பிட்டால் மருந்து கட்டிக்குப் போகும் என்பதும் இல்லை. இந்த மூன்றையும் முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அம்மாவுக்கு அடுத்த டோஸ் சில நாட்களில் இருக்கும். அதற்காக மாமாவிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அந்த வீடியோவுக்கு அடியில் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. நாற்பது வருடத்துக்கு மேலாக நல்ல ஆய்வகங்களில் நடந்துவரும் வேலை அது. கீமோ மருந்துகளைக் கலந்து அனுப்பும் மருந்தாளர் என்ற முறையில், அந்த நாள் சீக்கிரம் வராதா என்று எனக்கும் ஆசைதான். ஆனால் இன்றைய தேதியில் எல்டிஎல், எச்டிஎல் என்ற, ரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமக்கும் துகள்களில் அடைத்த புற்றுநோய் மருந்து எதுவும் விற்பனைக்கு அனுமதி பெறவில்லை. நாலரை லட்சம் கேட்பவர்கள் எதை ஏற்றப்போகிறார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

சரி, அந்த ஆராய்ச்சி என்ன என்று பார்ப்போம். அது புரிந்தால் மாமாவின் நெய் யோசனை ஏன் சரிப்படாது என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

கொழுப்பு தண்ணீரில் கரையாது. ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். அதனால் உடம்பு கொழுப்பைச் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கட்டித்தான் ரத்தத்தில் அனுப்புகிறது. உருண்டையின் நடுவில் கொலஸ்டிரால் எஸ்டர் என்ற எண்ணெய்ப் பசையான சரக்கு. மேலே பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பாலான போர்வை. அதைச் சுற்றி ஒரு புரதம். உங்கள் அம்மாவின் லிப்பிட் பரிசோதனைச் சீட்டில் வரும் எல்டிஎல் இப்படிப்பட்ட ஒரு துகள்தான். குறுக்களவு 22 நானோமீட்டர் அளவு இருக்கும். அதற்குள் ஏறக்குறைய 1,500 கொலஸ்டிரால் எஸ்டர் மூலக்கூறுகள் அடங்கும். வெளியே அபோ-பி 100 என்ற ஒரே ஒரு ராட்சதப் புரதம், 4,536 அமினோ அமிலங்கள் நீளமானது, துகளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எச்டிஎல் அதைவிடச் சிறியது, 10 நானோமீட்டர் பக்கம். அதன் முக்கியப் புரதம் அபோ-ஏ1, வெறும் 243 அமினோ அமிலம். இந்த அளவு வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மருந்துக்காரர்களுக்கு இந்தத் துகள்மேல் ஏன் கண்? புற்றுநோய் மருந்துகளில் பல எண்ணெய்த் தன்மை உள்ளவை, தண்ணீரில் கரைய மாட்டேன் என்று அடம்பிடிப்பவை. எல்டிஎல்லின் நடுப்பகுதி அவற்றுக்கு வசதியான இடம். துகள் நம் உடம்பில் பிறந்தது என்பதால் எதிர்ப்புச் சக்தி அதை அந்நியனாகப் பார்ப்பதில்லை. எல்டிஎல் இரண்டு மூன்று நாள் ரத்தத்தில் சுற்றும். செயற்கையாகச் செய்த நானோ துகள்களில் பல சில மணி நேரத்திலேயே பிடிபட்டு வெளியேற்றப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, செல்லுக்குள் நுழைய இதற்கென்றே ஒரு வாசல் இருக்கிறது.

அந்த வாசலைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் டல்லாஸில் வேலை பார்த்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன். பிறவியிலேயே கொலஸ்டிரால் எக்கச்சக்கமாக ஏறி, சின்ன வயதிலேயே மாரடைப்பு வரும் குழந்தைகளின் தோல் செல்களை 1970களில் ஆராய்ந்தபோது, அந்தச் செல்களில் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி வேலை செய்யவில்லை என்று கண்டார்கள். 1985இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் அதே ஏற்பியைப் புற்றுநோய்ப் பக்கமும் தேடிப் பார்த்தார்கள். 1978இல் அவர்களும் சக ஆய்வாளர்களும் கடுமையான மயலாய்டு ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களின் செல்களைச் சோதித்தபோது, பலருடைய செல்களில் எல்டிஎல் ஏற்பி சாதாரண வெள்ளையணுக்களைவிட மிக மும்முரமாக இயங்குவது தெரிந்தது. காரணம் எளிது. வேகமாகப் பெருகும் செல்லுக்குப் புதுச் சவ்வு கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், சவ்வுக்குக் கொலஸ்டிரால் வேண்டும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 1980களில் இன்னொன்றையும் கவனித்தார்கள். இப்படி எல்டிஎல்லை வாரி இழுக்கும் ரத்தப் புற்று செல்கள் உள்ள நோயாளிகளுக்கு ரத்தக் கொலஸ்டிரால் அளவே குறைந்து கிடந்தது.

புற்றுச் செல் இவ்வளவு ஆவலாக இழுத்துக்கொள்ளும் பொருளுக்குள் விஷத்தை வைத்துக் கொடுத்தால் என்ன? யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். அதைச் செய்ய முடியும் என்று காட்டியவர்களில் முதன்மையானவர் மான்டி கிரீகர். டல்லாஸ் ஆய்வகத்தில் இருந்தபோது, எல்டிஎல் துகளை ஹெப்டேன் என்ற கரைப்பானால் கழுவி நடுவிலிருந்த கொழுப்பை எடுத்துவிட்டு, வேறு எண்ணெய்ப் பொருளை உள்ளே வைத்தார். வெளிப் புரதம் கெடவில்லை. செல்கள் வித்தியாசம் தெரியாமல் அதை விழுங்கின. அதன்பின் 1980களில் பல குழுக்கள் செல்லைக் கொல்லும் மருந்துகளை இதேபோல் அடைத்துப் பார்த்தன.

ஆய்வகத் தட்டில் எல்லாம் அழகாக நடந்தது. உடம்பு என்று வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. வீடியோக்காரர்கள் சொல்லாமல் விட்டது இந்தப் பகுதியைத்தான். அம்மாவுக்காக முடிவெடுக்கும்போது உங்களுக்கு அதிகம் தேவைப்படுவதும் இதுதான்.

எல்டிஎல் ஏற்பி புற்றுச் செல்லில் மட்டும் இல்லை. உடம்பிலேயே அதிகமாக இருப்பது கல்லீரலில். ரத்தத்திலிருந்து அகற்றப்படும் எல்டிஎல்லில் ஏறக்குறைய 70 சதவீதத்தைக் கல்லீரல் எடுத்துக்கொள்கிறது. அட்ரீனல் சுரப்பியும் சினைப்பையும் ஹார்மோன் செய்வதற்காக நிறைய இழுக்கும். டவுன் பஸ்ஸில் ஏறியவர் நடுவில் எங்கே இறங்கினாலும், இறங்காதவர் எல்லாரையும் பஸ் கடைசியில் டெப்போவுக்குக் கொண்டுபோய் விடும் இல்லையா, கல்லீரல் அந்த டெப்போ. ஏற்றியது கீமோ மருந்து என்றால் அதில் பெரும்பங்கு டெப்போவில் போய்க் குவியும். கட்டிக்குச் சாதாரண ஊசியைவிடக் கூடுதலாகப் போகலாம். ஆனால் "புற்றுச் செல்லை மட்டும்" என்பது நடக்காத காரியம்.

இரண்டாவது சிக்கல் போட்டி. உங்கள் ரத்தத்திலும் என் ரத்தத்திலும் ஒரு மில்லி பிளாஸ்மாவில் எல்டிஎல் துகள்கள் மட்டும் பல நூறு லட்சம் கோடி மிதக்கின்றன. மருந்து அடைத்த துகள் இந்தக் கூட்டத்தோடு முட்டிமோதித்தான் அதே வாசலில் நுழைய வேண்டும். இப்போது மாமாவின் யோசனைக்கு வாருங்கள். நெய்யும் மஞ்சள் கருவும் சேர்த்து, மாத்திரையை நிறுத்தி, சொந்த எல்டிஎல்லை ஏற்றினால் என்ன ஆகும்? கூட்டம் இன்னும் பெருகும், மருந்துத் துகளுக்கு இடம் கிடைப்பது இன்னும் கஷ்டமாகும். அம்மா நிஜமாகவே அப்படியொரு மருந்தை எடுத்துக்கொண்டிருந்தாலும் இந்த வைத்தியம் தலைகீழ்.

மாமா பக்கம் ஒரு சின்ன நியாயம் இருக்கிறது. அடோர்வாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் மாத்திரைகள் கல்லீரலில் எல்டிஎல் ஏற்பியைக் கூட்டுகின்றன. ரத்தக் கொலஸ்டிரால் குறைவதே அப்படித்தான். ஆகவே எல்டிஎல்லில் மருந்து அனுப்பினால் ஸ்டாடின் அதைக் கல்லீரல் பக்கம் மேலும் இழுக்கலாம் என்ற பேச்சு ஆய்வாளர்களிடையே உண்டு. எங்கோ காதில் விழுந்த இந்தச் செய்திதான் வீடியோவில் "மாத்திரையை நிறுத்து" என்று ஆகியிருக்க வேண்டும். ஆனால் அம்மாவுக்கு ஏறுவது சாதாரண பாக்லிடாக்ஸெல். அதற்கும் இந்த வாதத்துக்கும் சம்பந்தமில்லை. சர்க்கரை உள்ள 58 வயதுப் பெண்ணுக்கு ஸ்டாடின் கொடுப்பது மாரடைப்பைத் தடுக்க. இதய மருத்துவரோ புற்றுநோய் மருத்துவரோ சொல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

மூன்றாவது சிக்கல் தயாரிப்பு. அபோ-பி 100 எவ்வளவு பெரிய புரதம் என்று சொன்னேன் இல்லையா? இன்சுலின்போல அதை நுண்ணுயிரில் வளர்த்து எடுப்பது நடைமுறையில் ஆகாத வேலை. அதனால் எல்டிஎல் வேண்டுமென்றால் தானம் கொடுத்தவர்களின் பிளாஸ்மாவை அதிவேகத்தில் மணிக்கணக்காகச் சுழற்றி, அடர்த்தியை வைத்துப் பிரித்தெடுக்க வேண்டும். ஆளுக்கு ஆள் துகள் மாறும். காற்றுப் பட்டால் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து கெட்டுப்போகும். அப்படிக் கெட்டுப்போன எல்டிஎல்லைக் கட்டி எடுத்துக்கொள்ளாது, ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் எடுத்துக்கொள்ளும். அது நல்லதற்கில்லை. ஒவ்வொரு பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் நிரூபிக்க முடியாமல் எந்த மருந்தும் சந்தைக்கு வராது.

இதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழிகள் சுவாரசியமானவை. பிரேசிலின் சாவோ பாலோவில் ரவுல் மரன்யாவோவின் குழு, புரதமே இல்லாமல் எல்டிஎல் போன்ற ஒரு கொழுப்புக் குழம்பைச் செய்தது. ஊசியில் ஏற்றியதும் அது ரத்தத்தில் இருக்கும் அபோ-இ என்ற புரதத்தைத் தானே மேலே ஒட்டிக்கொள்கிறது. அபோ-இ வந்துவிட்டால் எல்டிஎல் ஏற்பி கதவு திறக்கும். பெரிய புரதத்தைத் தயாரிக்கும் தலைவலியே இல்லை. கார்மஸ்டின், எட்டோபோசைடு, பாக்லிடாக்ஸெல்லின் ஒரு மாற்று வடிவம் ஆகிய கீமோ மருந்துகளை அதில் வைத்து நோயாளிகளுக்கே கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். மார்பகக் கட்டியில் பக்கத்து நல்ல திசுவைவிட அந்தக் குழம்பு கூடுதலாகச் சேர்ந்தது. பக்க விளைவுகள் குறைந்ததாகவும் எழுதினார்கள். நம்பிக்கை தரும் வேலைதான். ஆனால் எல்லாமே சிறிய ஆய்வுகள். புது மருந்து பழைய மருந்தைவிட ஆயுளைக் கூட்டுகிறதா என்று சொல்லப் பெரிய ஒப்பீட்டு ஆய்வு வேண்டும். அது வரவில்லை.

இன்னொரு வழி எச்டிஎல். அதன் புரதம் சின்னது, செய்துவிடலாம். கிரீகர் பின்னாளில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1996இல் அவர் குழு எச்டிஎல்லுக்கான எஸ்ஆர்-பி1 என்ற ஏற்பியை அடையாளம் கண்டது. எனக்கு மிகப் பிடித்த வேதியியல் இங்கேதான் இருக்கிறது. எல்டிஎல் ஏற்பி துகளை முழுசாக விழுங்கி, லைசோசோம் என்ற அமிலப் பைக்குள் தள்ளும். உள்ளே வைத்த மருந்து அந்த அமிலத்தையும் நொதிகளையும் தாங்க வேண்டும். எஸ்ஆர்-பி1 அப்படியில்லை. துகளை வாசலில் நிறுத்தி, நடுவிலிருக்கும் சரக்கை மட்டும் உள்ளே வாங்கிக்கொண்டு, காலித் துகளைத் திருப்பி அனுப்பிவிடும். அமிலத்தில் சிதைந்துவிடும் ஆர்என்ஏ போன்ற மென்மையான மருந்துகளுக்கு இது பெரிய வசதி. டெக்சாஸில் இந்த வழியாக மறுஉருவாக்கம் செய்த எச்டிஎல்லில் ஆர்என்ஏ துண்டை வைத்து, சுண்டெலிகளில் சினைப்பை, பெருங்குடல் கட்டிகளைச் சுருக்கிக் காட்டினார்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஷாட் தாக்ஸ்டன் குழு இன்னும் ஒரு படி போய், மருந்தே வைக்காமல், நடுவில் தங்கத் துணுக்கு உள்ள போலி எச்டிஎல்லைச் செய்தது. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் செல் அதை நிஜம் என்று நம்பிப் பிடிக்கும், கொலஸ்டிரால் கிடைக்காமல் பட்டினியில் சாகும். அதுவும் சுண்டெலிக் கட்டத்தில் நடந்ததுதான்.

மனிதருக்குப் பெருமளவில் எச்டிஎல் ஏற்ற முடியுமா என்ற சந்தேகத்துக்கு ஓரளவு பதில் இதய மருத்துவத்திலிருந்து வந்துவிட்டது. மாரடைப்பு வந்தவர்களுக்கு மனித பிளாஸ்மாவிலிருந்து எடுத்த அபோ-ஏ1 மருந்தை வாரம் ஒருமுறையாக நான்கு வாரம் ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2024இல் வெளியானது. 18,000க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். இதயத்துக்கு எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஆனால் அவ்வளவு பேருக்கு ஏற்றுமளவுக்கு அதைத் தயாரிக்க முடிந்தது. புற்றுநோய்க்காரர்கள் அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அது.

கல்லீரலுக்குத்தான் எல்லாம் போகிறது என்றால், நோயே கல்லீரலில் இருந்தால்? டல்லாஸில் இயன் கார்பின் குழு கேட்ட கேள்வி இது. மீன் எண்ணெயில் உள்ள டிஎச்ஏ கொழுப்பமிலத்தை எல்டிஎல்லில் அடைத்து, எலியின் கல்லீரல் தமனி வழியாக நேரே செலுத்தினார்கள். கல்லீரல் புற்றுச் செல்கள் மடிந்தன, பக்கத்து நல்ல செல்கள் தாங்கிக்கொண்டன. குறையையே வசதியாக மாற்றிக்கொண்ட இந்த மாதிரி வேலைகளில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். அபோ-இ தந்திரமும் வேறொரு துறையில் மருந்தாகவே வந்துவிட்டது. 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பட்டிசிரான் என்ற ஆர்என்ஏ மருந்தின் கொழுப்புத் துகள், ரத்தத்தில் அபோ-இயை ஒட்டிக்கொண்டு கல்லீரலுக்குள் நுழைகிறது. அது பரம்பரை அமிலாய்டு நோய்க்கான மருந்து, புற்றுநோய்க்கு அல்ல.

இன்னொரு விஷயம். அம்மாவின் பயாப்சி அறிக்கையில் ஈஆர், பிஆர், ஹெர்-2 என்று மூன்று ஏற்பிகளின் முடிவு இருக்கும். அதை வைத்துத்தான் சிகிச்சை தீர்மானிக்கிறார்கள். எல்டிஎல் ஏற்பி என்று ஒரு வரி அதில் இருக்காது. கட்டிக்குக் கட்டி அதன் அளவு மாறும், வழக்கமான சோதனையும் இல்லை. அப்படியிருக்க, கட்டியைச் சோதிக்காமலேயே "தேடிப் போய் அழிக்கும்" என்று நாலரை லட்சம் கேட்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அம்மாவின் கட்டியில் அந்த ஏற்பி இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர்கள் "இது ஆராய்ச்சிக் கட்டத்தில் இருக்கிறது" என்று நழுவினால் இரண்டாவது கேள்வி தயாராக வைத்திருங்கள்: "சிடிஆர்ஐ பதிவு எண் என்ன?" இந்தியாவில் மனிதர்மேல் நடக்கும் மருந்து ஆய்வுகள் சிடிஆர்ஐ எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாக வேண்டும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். முறையான ஆய்வில் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் கொடுப்பார்கள், நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் அதில் இருக்கும், ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் லட்சக்கணக்கில் முன்பணம் வாங்க மாட்டார்கள். பதிவு எண் கேட்டதும் பேச்சு மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது அம்மாவின் மூச்சுமுட்டலுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான்.

பாக்லிடாக்ஸெல்லும் தண்ணீரில் கரையாத மருந்துதான். அதைக் கரைக்க ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்யும் கிரெமோஃபோர் என்ற பொருளும் ஆல்கஹாலும் சேர்க்கிறார்கள். ஒரு மில்லியில் மருந்து 6 மில்லிகிராம், கிரெமோஃபோர் 527 மில்லிகிராம்! நாங்கள் கலக்கும்போதே கை அதை உணரும். சிரிஞ்சில் பிசுபிசுவென்று மெதுவாக ஏறும், குலுக்கினால் நுரை தள்ளும், சாதாரண பிவிசி பையில் ஊற்றினால் பிளாஸ்டிக்கிலிருந்து வேண்டாததைக் கரைத்து இழுக்கும். அதனால்தான் அதற்குத் தனிப் பை, தனி டியூப், நடுவில் ஒரு வடிகட்டி. முகம் சிவந்து மூச்சுத் திணறுவதற்குப் பெரும்பாலும் இந்தக் கிரெமோஃபோரையே குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாவது டோஸில், ஆரம்பித்த பத்து நிமிடத்துக்குள் வரும். அதைத் தடுக்கத்தான் முன்கூட்டியே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் அவில் என்ற ஒவ்வாமை மருந்தும் போடுகிறார்கள். நிறுத்திவிட்டு மெதுவாக மறுபடி ஏற்றியது சரியான நடைமுறைதான், பலர் அப்படியே பிரச்சினையில்லாமல் முடித்துவிடுகிறார்கள்.

இங்கேதான் வீடியோ சொன்ன கனவின் நெருங்கிய சொந்தக்காரன் ஒருவன் ஏற்கனவே சந்தையில் இருக்கிறான். உடம்பின் சொந்தப் புரதமான அல்புமினில் பாக்லிடாக்ஸெல்லை ஏற்றிச் செய்த மருந்து. நேப்-பாக்லிடாக்ஸெல் என்பார்கள். அமெரிக்காவில் 2005இல் அனுமதி கிடைத்தது, இந்தியாவிலும் கிடைக்கிறது. 100 மில்லிகிராம் மருந்துக்கு ஏறக்குறைய 900 மில்லிகிராம் மனித அல்புமின். கிரெமோஃபோர் கிடையாது. பொடியாக வரும், சலைனைக் குப்பியின் சுவரில் பட்டுப் பட்டு மெதுவாக விட்டால் பால்போல வெளுத்துக் கரையும். இது கொலஸ்டிரால் துகள் இல்லை, ஆனால் "இயற்கையான வாகனத்தில் மருந்து" என்ற கொள்கை இதில் நோயாளி வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

அது எவ்வளவு தூரம் உதவியது என்று எண்களோடு பாருங்கள். உடம்பில் பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 454 பேரிடம் செய்த ஒப்பீட்டில், கட்டி சுருங்கியவர்கள் பழைய மருந்தில் 19 சதவீதம், புதியதில் 33 சதவீதம். கடுமையான வெள்ளையணுக் குறைவு 22இலிருந்து 9 சதவீதமாக இறங்கியது. நல்லதுதானே? ஆனால் கை கால் மரத்துப்போகும் நரம்புப் பாதிப்பு கடுமையாக வந்தவர்கள் 2 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக ஏறினார்கள். புது வாகனத்தில் மருந்தை அதிக அளவில் கொடுக்க முடிந்தது, அதற்கான விலை நரம்பில் தெரிந்தது. முடியும் கொட்டத்தான் கொட்டியது. பக்க விளைவே இல்லை என்று யாராவது சொன்னால் இந்த ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே அடுத்த முறை மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "அம்மாவுக்கு மறுபடி மூச்சுமுட்டினால் அல்புமின் பாக்லிடாக்ஸெல்லுக்கு மாற்றலாமா?" ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அப்படி மாற்றுவது வழக்கத்தில் இருக்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் நாலரை லட்சத்தை யாரிடமோ கொடுப்பதற்கு முன் விசாரிக்க வேண்டியது இதைத்தான். காப்பீடு அதை ஏற்குமா என்றும் மருத்துவமனையில் கேட்டுவிடுங்கள். இதில் அம்மாவுக்கு ஒரு லாபம், ஒரு கவலை. லாபம், டெக்ஸாமெத்தசோன் வழக்கமாகத் தேவைப்படாது, ஆகவே சர்க்கரை ஏறுவது குறையும். கவலை நரம்பு. சர்க்கரையால் ஏற்கனவே பாதத்தில் மதமதப்பு, எரிச்சல், செருப்பு நழுவினால்கூடத் தெரியாமல் இருப்பது என்று ஏதாவது இருக்கிறதா என்று அம்மாவிடம் இன்றைக்கே கேளுங்கள். நம் அம்மாக்கள் கேட்காமல் சொல்ல மாட்டார்கள். இருந்தால் மாற்றும் முடிவை மருத்துவர் வேறு மாதிரி எடுக்கலாம். இரண்டு மருந்துக்கும் அளவு ஒன்றல்ல என்பதால், வெளியே வாங்கிக் கொடுக்கச் சொன்னால் சீட்டில் எழுதியிருக்கும் பெயரை முழுசாகப் படித்து வாங்குங்கள்.

அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், அடோர்வாஸ்டாடின் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள். பாக்லிடாக்ஸெல்லைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளைச் சில மாத்திரைகள் பாதிக்கும். குறிப்பாக இதயத்துக்காகக் குளோபிடோக்ரெல் சாப்பிட்டால் கட்டாயம் சொல்ல வேண்டும், அது பாக்லிடாக்ஸெல் ரத்தத்தில் தங்கும் நேரத்தைக் கூட்டி நரம்பைப் படுத்தலாம். இணையத்தில் வாங்கிய மூலிகைப் பொடி இருந்தால் அதையும் பையில் போடுங்கள்.

முட்டை தாராளமாகக் கொடுக்கலாம், மருந்தை ஓட்டிச் செல்ல அல்ல, புரதத்துக்காக. நன்றாக வேக வைத்தது மட்டும். வெள்ளையணு குறைந்திருக்கும் நாட்களில் ஆஃப்பாயில் வேண்டாம். நெய் வழக்கம்போல ஒரு ஸ்பூன் போதும். கீமோ நாளன்றும் மறுநாளும் டெக்ஸாமெத்தசோனால் சர்க்கரை ஏறும் என்பதால் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் குளுக்கோமீட்டரில் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். சர்க்கரை மாத்திரை அளவை அந்த இரண்டு நாளுக்கு மட்டும் மாற்ற வேண்டுமா என்று அந்த நோட்டைப் பார்த்தால்தான் மருத்துவரால் சொல்ல முடியும்.